ஓக் சட்டக வெளிக்கட்டடம் தெஹிவளையில் சரிவருமா?

பின்வளவு எழுதியது:

வணக்கம். தெஹிவளையில், கடற்கரையில் இருந்து ஏறக்குறைய 700 மீற்றர் உள்ளே, எங்கள் பின்வளவில் தனியாக ஒரு கட்டடம் கட்ட யோசிக்கிறோம். 6 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம். முன் பாதி திறந்த மண்டபம், பின் பாதி கண்ணாடி போட்ட வேலை அறை. கொங்கிறீற் தூண் வேண்டாம். இங்கிலாந்தில் ஓக் மரத்தில் செய்கிற மாதிரி 6×6 அங்குலத் தூண், மேலே குறுக்கு வளை, மூலைக்கு மூலை சாய்வுத் தாங்கி, எல்லாம் மர ஆணியில் பூட்டி, சட்டகம் முழுக்க வெளியே தெரிய வேண்டும். கூரைக்கு ஓடு.

எனக்குத் தெளிவில்லாத இடங்கள் இவை. ஓக்கை இறக்குமதி செய்யலாமா, இல்லை இங்குள்ள மரமே போதுமா? அங்கே பச்சை மரத்தையே வேண்டுமென்று எடுக்கிறார்களாம். எங்கள் தச்சு பாஸோ காயாத மரத்தைத் தொடவே மாட்டேன் என்கிறார். யார் சொல்வது சரி? கறையானுக்கு என்ன வழி?

சட்டகம் எழுதியது:

இருவர் சொல்வதும் சரி, அவரவர் ஊருக்கு. அங்கே ஓக்கைப் பச்சையாக எடுப்பதற்குக் காரணம் விருப்பம் இல்லை, வேறு வழி இல்லாமைதான். திறந்த வெளியில் அடுக்கிய ஓக் பலகை 25 மி.மீ. தடிப்புக்கு ஒரு வருடம் என்ற கணக்கில் காயும். 150 மி.மீ. தூண் நடுவரை காய ஆறு வருடத்துக்கு மேல் வேண்டும். காய்ந்த பிறகு அது உளியை எதிர்க்கிற அளவுக்கு இறுகிவிடும். அதனால்தான் பல நூற்றாண்டுகளாகவே பச்சையில் வெட்டி, பச்சையில் பூட்டி, கட்டடமாக நின்றபடி காயவிடுகிறார்கள். மூட்டுகள் எல்லாம் அந்தச் சுருக்கத்தை எதிர்பார்த்தே வெட்டப்படுகின்றன. அந்த முறையின் அறிவு முழுக்க அங்கேதான் இருக்கிறது.

சுருக்கம் எவ்வளவு என்று பார்ப்போம். மரத்தின் ஈரம் 30 சதவீதத்தை ஒட்டிய நிலைக்கு இறங்கும்வரை அளவு மாறாது. அதற்குக் கீழேதான் சுருங்கத் தொடங்கும். அமெரிக்க வெள்ளை ஓக் பச்சையில் இருந்து முழுதாகக் காயும்போது வளையங்களின் போக்கில் 10.5 சதவீதமும், நடுவில் இருந்து வெளிநோக்கி 5.6 சதவீதமும் சுருங்கும். தேக்குக்கு அவை 5.8, 2.5. கொழும்புக் காற்றில் மரம் 15 சதவீத ஈரத்தை ஒட்டி நின்றுவிடும், ஆகவே இந்தச் சுருக்கத்தில் பாதிதான் நடக்கும். 150 மி.மீ. தூண் ஓக் என்றால் 8 மி.மீ. வரை குறையும், தேக்கு என்றால் 4 மி.மீ. சொச்சம். நீளவாட்டில் இரண்டும் அசையாது என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டு திசைச் சுருக்கமும் சமம் இல்லாததால்தான் நடுக்குருத்தை உள்ளே கொண்ட சதுரத் தூண் ஏதாவது ஒரு முகத்தில் நீளமாக வெடிக்கிறது. நடுவை நோக்கிப் போகும் அந்த வெடிப்பு பலத்தைப் பெரிதாகக் குறைக்காது. மர ஆணி வரிசையோடு ஓடும் வெடிப்பு வேறு விடயம், அது ஆபத்து.

பச்சை ஓக்கைக் கொள்கலனில் அடைத்து வெப்பக் கடலில் வாரக்கணக்கில் கொண்டுவந்தால் பூஞ்சணம் பிடிக்கும், மரங்களுக்கு நடுவே காற்றுக்காக இடைச்சட்டம் வைத்த இடமெல்லாம் கறை விழும். இறக்கி வெயிலில் போட்டால் மேல்தோல் மட்டும் சடுதியாகக் காய்ந்து பிளக்கும். தாவர சுகாதாரச் சான்றிதழும் துறைமுகச் சோதனையும் அதற்கு மேல். இவ்வளவு பட்டு வாங்கினாலும், ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 350 ஓக்கின் வைரத்தை, அதாவது உள்மரத்தை, கறையானுக்கு நடுத்தர எதிர்ப்பு என்றுதான் போடுகிறது. அதன் வெளிறுக்கு, அதாவது பட்டையை ஒட்டிய வெளிமரத்துக்கு, எதிர்ப்பே இல்லை. மாவாக அரிக்கும் வண்டுக்கு அதுதான் பிடித்த சாப்பாடு. ஓக்கில் உள்ள டனின் அமிலம் சாதாரண இரும்பை அரித்து, சுற்றியுள்ள மரத்தையும் நீலக் கறுப்பாக்கும். மழையோடு கழுவுண்டு வந்து தரையிலும் கறை போடும்.

முறையை எடுங்கள், மரத்தை அங்கேயே விடுங்கள்.

மரக்காலைப் பக்கம் எழுதியது:

சட்டகம் அண்ணா சொன்னதோட ஒத்துப்போறன். மரம் எடுக்கிற விசயத்தைக் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன், ஏனெண்டால் பிழை விடுறது அங்கதான்.

உங்கட வேலைக்குத் தேக்குத்தான் முதல் தெரிவு. பாலை கறையானுக்கும் மழைக்கும் தேக்கிலும் திறம். ஆனால் பாலை தண்ணியில தாழுற மரம். கன மீற்றருக்கு 1,100 கிலோ வரும், தேக்கு 650 மட்டில. 6×8 அங்குலக் குறுக்கு வளை 4.6 மீற்றர் எண்டால் தேக்கில 90 கிலோ, நாலு பேர் தூக்கலாம். அதையே பாலையில எடுத்தால் 150 கிலோ, செயின் புளொக் இல்லாமல் ஏத்தேலாது. மூட்டுக்குப் பொளி (குழி) வெட்டுறவருக்கும் கை விட்டுப்போகும். முதிரையில இழை முறுகி ஓடும், சீவேக்க கிழியும். வடிவான மரம், ஆனால் 6×6 நேராக் கிடைக்கிறது கஷ்டம். மகோகனி தளபாடத்துக்கு நல்லது, வெளித்தூணுக்கு வேண்டாம். பைன், இயூக்கலிப்டஸ் ரெண்டும் அமுக்கமுறையில மருந்தேத்தினதா இருந்தால் மட்டும் யோசியுங்கோ, அதுவும் கைமரத்துக்கு.

தேக்கு எண்டு சொன்ன உடன எல்லாம் தேக்கில்லை. இளந்தோட்டத் தேக்கில வெளிறு அகலம். 6×6 அறுத்த தூணின்ர நாலு விளிம்பையும் பாருங்கோ: வைரம் பொன்மண்ணிறம், வெளிறு வெளிர் மஞ்சள். விளிம்பில ஒரு விரல் அகலத்துக்கு வெளிறு ஓடினால் கறையான் அதுக்குள்ளால ஏறும், வைரத்தைத் தொடாமலே மேல போகும். அந்த முகத்தைச் சீவி எடுக்க வேணும், இல்லாட்டி அந்தத் துண்டைக் கைமரத்துக்குப் போடுங்கோ. நடுக்குருத்து தூணின்ர சரி நடுவில இருக்கோணும், இல்லாட்டி முழுக்க வெளியில இருக்கோணும். ஒரு பக்கம் ஒதுங்கி இருந்தால் தூண் வில்லா வளையும்.

மரக்காலையில 6×6 எண்டு தாறது சில வேளை 5¾ இருக்கும், சில வேளை ஒரு நுனி 6, மற்ற நுனி 6¼. அளவுநாடாவைக் கையோட கொண்டு போங்கோ. ஈரமானியும் வேணும், ஆனால் ஊசி குத்துற ஈரமானி மேல்தோலைத்தான் சொல்லும். ஒரு நுனியில ஓரடி வெட்டி எறிஞ்சு, புது வெட்டு முகத்தின்ர நடுவில குத்திப் பாருங்கோ. வெளியில 16, உள்ள 26 எண்டு காட்டினால் அது பச்சை மரம்தான். பாஸ் என்ன சொன்னாலும் பச்சைக்குரிய மாதிரித்தான் மூட்டு வெட்ட வேணும். 6 அங்குலத் தேக்கு நடுவரை காய்ஞ்சு கிடைக்கும் எண்டு எதிர்பார்க்காதேங்கோ. உங்கட பாஸ் சொல்லுறது கதவு யன்னலுக்குச் சரி.

பழைய வீடு உடைச்ச மரமும் நல்ல வழி. காய்ஞ்சு, சுருங்கி முடிஞ்ச மரம். ஆனால் 6×6 அரிது. உள்ள முறிஞ்ச ஆணி கிடக்கும். உலோகங்காட்டி பிடிக்காமல் சீவுளியில ஏத்தினால் அலகு போச்சு.

ஒண்டை மறக்காதேங்கோ: பற்றுச்சீட்டும் மரம் ஏத்திற அனுமதிப்பத்திரமும் இல்லாமல் லொறியில ஏத்தாதேங்கோ. காணியில நிக்கிற பலா மரத்தைத் தறிச்சுப் போடுவம் எண்டு யோசிச்சால், 1951ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண்பனை மூண்டுக்கும் அனுமதி எடுக்காமல் கோடரி வைக்கேலாது.

பின்வளவு எழுதியது:

மிக்க நன்றி அண்ணாமார். தேக்கு என்று முடிவெடுத்துவிட்டோம். எந்த எந்த அளவில் எவ்வளவு மரம் தேவை என்று ஓரளவு சொல்ல முடியுமா? வெட்டு முகங்கள் பற்றியும். கைமரங்களைத் தூண்களுக்கு மேலே நீளவாட்டில் ஓடும் நீள வளையில் இருத்தி, முகட்டில் ஒன்றோடொன்று முட்ட வைத்தால் போதும் என்கிறார் பாஸ்.

சட்டகம் எழுதியது:

அந்தக் கடைசி வசனத்தில்தான் இந்தக் கட்டடம் விழக்கூடிய இடம் இருக்கிறது. இரண்டு கைமரம் முகட்டில் முட்டி நின்றால் அவற்றின் அடிகள் வெளியே உதைக்கும். குறுக்கு வளை உள்ள இடத்தில் அது அந்த உதைப்பைப் பிடிக்கும். ஆனால் உங்கள் குறுக்கு வளைகள் 3 மீற்றருக்கு ஒன்று. இடையில் உள்ள நான்கைந்து சோடிக் கைமரங்களின் உதைப்பையும் 6×6 நீள வளை பக்கவாட்டில் வளைந்துதான் தாங்க வேண்டும். ஓட்டின் பாரத்தில் அது மெல்ல வெளியே வில்லாகும், முகடு நடுவில் தொய்யும், ஓடு விலகி ஒழுகும். ஒரே நாளில் நடப்பதில்லை. இரண்டு மூன்று மழைக்குப் பிறகுதான் கண்ணில் படும்.

தீர்வு, முகட்டு வளையைத் தாங்கும் வளையாகவே போடுவது. மூன்று குறுக்குச் சட்டகம். ஒவ்வொன்றிலும் இரண்டு தூண், மேலே குறுக்கு வளை, அதன் நடுவில் அரசத்தூண், இரு பக்கமும் முதன்மைக் கைமரம். அரசத்தூண்களின் தலைகளில் முகட்டு வளை ஓடும். குறுக்கு வளைகளின் நுனிக்குச் சற்று உள்ளே, தூண்களுக்கு நேர்மேலே நீள வளை. சாதாரணக் கைமரங்கள் முகட்டு வளையிலும் நீள வளையிலும் படுத்திருக்கும், உதைக்காது. உதைப்பு முழுவதும் முதன்மைக் கைமரம் வழியாகக் குறுக்கு வளைக்குப் போய் அங்கே இழுவையாக முடியும். அதனால் முதன்மைக் கைமரத்தின் அடி இருக்கும் படிவெட்டுக்கு வெளியே குறுக்கு வளை குறைந்தது 250 மி.மீ. நீள வேண்டும். அழகுக்காக அந்த நுனியைக் குறுக்கினால் படிவெட்டுக்கு முன்னால் உள்ள மரம் இழையோடு சறுக்கிப் பிய்ந்து வரும்.

அளவுகள், பொறியியலாளர் கணக்குப் பார்க்கும்வரை முதல் ஊகமாக: தூண் 150×150, 2.7 மீற்றர், 6. குறுக்கு வளை 150×200, 200ஐ நிமிர்த்தி, 4.6 மீற்றர், 3. நீள வளை 150×150, 7.2 மீற்றர், 2. முதன்மைக் கைமரம் 100×150, 2.5 மீற்றர், 6. அரசத்தூண் 150×150, 1.3 மீற்றர், 3. முகட்டு வளை 100×150, 7.2 மீற்றர். சாய்வுத் தாங்கி 75×150, 1.3 மீற்றர், 14. கைமரம் 50×100, 3.2 மீற்றர், 600 மி.மீ. இடைவெளியில் பக்கத்துக்கு 13. எல்லாம் கூட்டினால் 2.15 கன மீற்றரை ஒட்டி வரும், மரக்காலைக் கணக்கில் 76 கன அடி. வெட்டுக் கழிவும் ஒதுக்கும் துண்டும் சேர்த்து 90 கன அடிக்கு விலை கேளுங்கள். ஓடு தாங்கும் சிலாகை தனி; அதன் இடைவெளியை நீங்கள் வாங்கும் ஓட்டை வைத்து அளந்துதான் போட வேண்டும்.

கூரைச் சாய்வு 30 பாகை. தாழ்வாரம் 750 மி.மீ. வெளியே வரட்டும், அதைக் குறைக்கச் சொல்லி யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், தூணின் ஆயுள் அதில் இருக்கிறது. அந்தக் கணக்கில் கூரைப் பரப்பு 46 சதுர மீற்றர். ஓடு சதுர மீற்றருக்கு 40 கிலோ என்று வைத்தால் 1.8 தொன். தேக்குச் சட்டகம் 1.4 தொன். நடு இரண்டு தூண்களும் தலைக்கு 800 கிலோ மட்டில் சுமக்கும். 6×6 தேக்குக்கு இது சின்னப் பாரம். இந்தக் கட்டடத்தில் தூண் நொறுங்காது. மூட்டு திறக்கும், அல்லது அடி உக்கும். கவனம் முழுக்க அந்த இரண்டிலும் இருக்கட்டும்.

7.2 மீற்றர் ஒரே துண்டாகக் கிடைக்காது. நீள வளையை நடுத்தூணுக்கு மேலேயே ஒட்டாதீர்கள். அங்கே குறுக்கு வளையின் வெட்டும் சேர்ந்து மரம் மிஞ்சாது. தூணில் இருந்து 600 மி.மீ. தள்ளி, சாய்வுத் தாங்கி வந்து சேரும் இடத்துக்குக் கிட்ட, 600 மி.மீ. நீளத்துக்குச் சாய்வு ஒட்டு வெட்டி நான்கு மர ஆணி போடுங்கள்.

வரைபடத்தோடு மாநகர சபை அனுமதி எடுத்த பிறகுதான் குழி. வெளிக்கட்டடம்தானே என்று விட்டால் பிறகு வீட்டை விற்கும்போது அது வந்து நிற்கும்.

உளி எழுதியது:

மூட்டைப் பற்றி நான் சொல்கிறேன். ஒரு மரத்தின் நுனியில் செதுக்கிய நாக்கு கழுந்து, அது செருகும் குழி பொளி, கழுந்தின் அடியில் மற்ற மரத்தோடு முட்டும் முகம் தோள். 150 மி.மீ. மரத்தில் கழுந்தின் தடிப்பு 38 மி.மீ., அதாவது ஒன்றரை அங்குலம், நீளம் 100. பொளி ஆழம் 106. அந்த 6 மி.மீ. வெற்றிடம் கட்டாயம் வேண்டும். பொளி உள்ள மரம் சுருங்கும்போது அதன் ஆழமும் குறையும். கழுந்தோ நீளவாட்டில் சுருங்காது. இடம் விடாவிட்டால் கழுந்தின் நுனி பொளியின் அடியில் முட்டி, தோளைத் தூக்கி, நன்றாக இறுகியிருந்த மூட்டில் நூல் வெளிச்சம் தெரியத் தொடங்கும்.

மரக்காலை அளவு சீரில்லை என்று மேலே சொன்னார்கள். அதற்கு நல்ல வழி, ஒவ்வொரு மரத்துக்குள்ளும் 140×140 என்ற ஒழுங்கான ஒரு மரம் இருப்பதாக நினைத்துக்கொள்வது. நேரான இரண்டு முகங்களைத் தெரிந்து, அவை சேரும் விளிம்பில் இருந்தே எல்லா அளவும். மூட்டு வரும் இடத்தில் மட்டும், எதிர்ப்பக்கத்தை அந்த 140 கோடு வரை வெட்டி இருப்பிடம் செய்யுங்கள். தூண் ஒரு நுனியில் 147, மறுநுனியில் 156 என்றாலும் மூட்டுகள் எல்லாம் ஒரே அளவாக வரும். ஒவ்வொரு துண்டையும் மற்றதோடு வைத்துப் பார்த்து வெட்டும் வேலை மிச்சம். சாய்வுத் தாங்கியும் அப்படித்தான்: 45 பாகை, மூலையில் இருந்து இரண்டு பக்கமும் 750 மி.மீ., தோளுக்குத் தோள் 1,061. பதினான்கையும் ஒரே அச்சில் வெட்டலாம். தாங்கி அமுக்கத்தில்தான் வேலை செய்யும், இழுத்தால் ஆணி மட்டும்தான் பிடி. ஆகவே எதிரெதிராகச் சோடியாகவே போடுங்கள்.

இப்போது இழுத்துப் பூட்டுதல். இந்த வேலையின் உயிர் இதுதான். முதலில் பொளி உள்ள மரத்தில் மட்டும், தோள் விளிம்பில் இருந்து 45 மி.மீ. தள்ளி, 19 மி.மீ. துளையைக் குறுக்கே முழுக்கப் போடுங்கள். கழுந்தைச் செருகி, தோள் முட்டும்வரை தட்டி இறுக்குங்கள். அதே துறப்பண அலகைத் துளைக்குள் விட்டு, அதன் கூர் கழுந்தில் ஒரு புள்ளி பதிக்கும்வரை மட்டும் அழுத்துங்கள். கழுந்தைக் கழற்றுங்கள். அந்தப் புள்ளியில் துளை போடக் கூடாது. புள்ளியில் இருந்து தோளை நோக்கி 2 மி.மீ. நகர்த்திப் போடுங்கள். மீண்டும் பூட்டித் துளைக்குள் பார்த்தால் நடுவில் ஒரு பிறை மாதிரி மரம் மறைத்துக்கொண்டு நிற்கும். மர ஆணி அந்தப் பிறையைத் தாண்டும்போது வளைந்து, கழுந்தை உள்ளே இழுத்து, தோளை நெரித்துப் பிடிக்கும். பிறகு மரம் சுருங்கினாலும் அந்த இழுவை மிஞ்சும்.

நகர்த்துவதைத் தோளுக்கு எதிர்த்திசையில் செய்தால் ஆணி மூட்டைத் திறக்கும். இது அடிக்கடி நடக்கிற பிழை. எல்லாக் கழுந்திலும் பென்சிலால் தோள் பக்கம் ஓர் அம்புக்குறி போட்ட பிறகே துறப்பணத்தை எடுங்கள். 4 மி.மீ. நகர்த்தினால் இன்னும் இறுகுமே என்று நினைக்கவும் வேண்டாம். தேக்கு ஓக் அளவுக்கு நெளிந்து கொடுக்காது, ஆணி முறியும், அல்லது கழுந்தின் நுனிப் பக்கம் பிளக்கும். துளைக்கும் கழுந்து நுனிக்கும் இடையில் 55 மி.மீ. விட்டதும் அதற்காகத்தான்.

மர ஆணி சட்டகத்தை விடக் காய்ந்திருக்க வேண்டும். ஹல்மில்ல நல்லது; நேர் இழை, நெளிவு உண்டு, திருகோணமலை மரம் என்று வியாபாரத்தில் பெயர் பெற்றது. வாளால் அறுக்காமல் கோடரியால் பிளந்து எடுங்கள். அறுத்தால் இழை பக்கவாட்டில் வெளியேறும், அந்த இடத்தில்தான் ஆணி ஒடியும். பிளந்த துண்டை எட்டு முகமாகச் சீவி, 220 மி.மீ. நீளத்தில் முன் மூன்றில் ஒரு பங்கைக் கூராக்குங்கள். அடிக்கும்போது சத்தத்தைக் கேளுங்கள்: முதலில் மந்தமாக இருக்கும், கழுந்தைத் தாண்டி மறுபக்கச் சுவரில் இறுகும்போது கணீர் என்று மாறும். அதற்கு மேல் அடிக்காதீர்கள். வெளியே நிற்கும் நுனியை உடனே வெட்டவும் வேண்டாம். ஒரு வருடம் கழித்து, மரம் சுருங்கிய பின் இன்னும் ஓர் அடி கொடுக்க அது தேவைப்படும்.

தேக்கில் சிலிக்கா இருக்கிறது. இந்தக் கட்டடத்தின் பொளிகளை வெட்டி முடிப்பதற்குள் உளியைப் பல தடவை தீட்ட வேண்டி வரும். நேரக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆணியில்லாத பூட்டு இந்த மண்ணுக்குப் புதிதில்லை. கண்டிப் பக்கம் எம்பெக்கே தேவாலயத்தில் 26 கைமரங்கள் ஒரு முனையில் வந்து சேர்வதை மடொல் குருப்பாவ என்ற ஒரே பெரிய மரமுளை பிடித்துக்கொண்டு நிற்கிறது. பாஸையும் கூட்டிக்கொண்டு போய், கூரையை நிமிர்ந்து பார்த்துவிட்டு வந்து வேலையைத் தொடங்குங்கள்.

பின்வளவு எழுதியது:

அந்த 2 மி.மீ. விடயம் இப்போதுதான் விளங்குகிறது, நன்றி. பாஸ் எல்லா மூட்டுக்கும் போல்ற்றும் போட்டு, வார்னிஷும் அடிக்கச் சொல்கிறார். பின் அறைக்குக் கண்ணாடியைத் தூணில் காடி (நீளப் பள்ளம்) வெட்டி நேரே பதிக்கலாமா? தூணின் அடியை எப்படிச் செய்வது?

வரைபலகை எழுதியது:

கண்ணாடியை இந்தத் தூணில் காடி வெட்டிப் பதிக்காதீர்கள். தூண் 4 மி.மீ. சுருங்கும், கொஞ்சம் முறுகும், கண்ணாடி முறுகாது. சிலிக்கன் கிழியும், காடிக்குள் தண்ணீர் நிற்கும். கண்ணாடியைத் தூணின் வெளிமுகத்துக்கு முன்னால் கொண்டுவாருங்கள். தூணில் றப்பர் பட்டி, அதில் கண்ணாடி, அதன் மேல் இன்னொரு பட்டி, கடைசியாக 25 மி.மீ. தேக்கு மூடுபலகை, 316 தரத் துருப்பிடிக்கா உருக்குத் திருகாணியில். திருகாணி கண்ணாடி விளிம்பில் இருந்து 6 மி.மீ. ஆவது விலகிப் போகட்டும். கீழ் மூடுபலகைக்குப் பின்னால் தண்ணீர் வடிய வழி விடுங்கள். இப்படிச் செய்தால் சட்டகம் தன் பாட்டில் அசையும்.

அரைச்சுவர் கட்டுவதென்றால் கல்லைத் தூணோடு முட்டக் கட்டாமல் 12 மி.மீ. விட்டு, நெகிழும் பட்டியால் அடையுங்கள். சீமெந்துச் சாந்து தேக்கில் முட்டினால் அந்தக் கோட்டோடு ஈரம் நிற்கும்.

தூணின் அடி: தரை மட்டத்துக்கு மேல் 150 மி.மீ. எழும்பிய கொங்கிறீற் குட்டைத்தூண். அதன் நடுவில் 316 தரத்தில் 20 மி.மீ. கம்பி, எப்பொக்சியில் பதித்தது. கம்பியில் ஒட்டிய தட்டின் மேல் தூண் உட்கார வேண்டும். தட்டுக்கும் கொங்கிறீற்றுக்கும் இடையில் 12 மி.மீ. காற்று. தட்டு தூணை விடச் சிறிதாக, 120×120. பெரிதாக இருந்தால் மழைத் தண்ணீரை ஏந்தி அடியிழைக்கு ஊட்டும். அடி வெட்டு முகத்தை எப்பொக்சியால் அடைத்த பிறகே நிறுத்துங்கள். கடல் 700 மீற்றரில் இருக்கும்போது நாகம் பூசிய இரும்பை இந்த இடத்தில் நம்ப வேண்டாம்.

கறையானுக்கு இந்த 150 மி.மீ. தான் முதல் மருந்து. அது மண்குழாய் கட்டாமல் கொங்கிறீற்றில் ஏறாது, கட்டினால் உங்கள் கண்ணில் படும். பூச்சாடி, விறகு, தண்ணீர்க் குழாய் எதையும் குட்டைத்தூணில் சாய்க்காதீர்கள். அத்திவாரம் போடும்போது மண்ணுக்கு மருந்தடிப்பதும் வேண்டும். தரைத் தகட்டில் குழாய் வெளிவரும் துளையைச் சுற்றி நன்றாக அடையுங்கள். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வெடிப்பே அதற்கு வாசல்.

வார்னிஷ் வேண்டாம். வெயிலில் படலம் வெடித்து, அதற்குள் ஈரம் புகுந்து, திட்டுத் திட்டாக உரியும். பிறகு முழுக்கச் சுரண்ட வேண்டும். ஊறும் எண்ணெய் அடியுங்கள், அல்லது அப்படியே சாம்பல் நிறமாக விடுங்கள். இரண்டும் மரத்துக்குப் பழுதில்லை.

உளி எழுதியது:

போல்ற் பற்றி: மரம் 4 மி.மீ. சுருங்கினால் நட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் அந்த 4 மி.மீ. வெற்றிடமாகிவிடும். மர ஆணி வளைந்து பின்தொடரும், போல்ற் பின்தொடராது. எல்லா மூட்டிலும் போட்டால் பலவீனமான மூட்டைத்தான் வாங்குகிறீர்கள்.

சட்டகம் எழுதியது:

ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் விதிவிலக்குக் கேட்பேன். முதன்மைக் கைமரத்தின் அடி குறுக்கு வளையில் இருக்கும் படிவெட்டில், சட்டகத்துக்கு இரண்டு வீதம், 12 மி.மீ. 316 போல்ற். உதைப்பைத் தாங்க இல்லை, அதைப் படிவெட்டே தாங்கும். காற்று மேலே தூக்கும்போது கைமரம் படிவெட்டை விட்டு எழும்பாமல் பிடிக்க. நட்டு கைக்கு எட்டும் பக்கத்தில் இருக்கட்டும். முதல் வருடம் இரண்டு தடவை, பிறகு ஒரு தடவை இறுக்கினால் போதும்.

உளி எழுதியது:

அதற்கு மறுப்பில்லை.

பின்வளவு எழுதியது:

கடைசியாக ஒன்று. எந்த மாதம் நிமிர்த்துவது?

மரக்காலைப் பக்கம் எழுதியது:

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மரத்தைக் கூரைக்குக் கீழ அடுக்கி வைச்சு மூட்டு வெட்டுங்கோ. தரையில இருந்து ஓரடி உயர்த்தி, ரெண்டடிக்கு ஒரு இடைச்சட்டம்; சட்டங்கள் ஒண்டுக்கு மேல ஒண்டு நேரா இருக்கோணும், இல்லாட்டி அங்கயே வளையும். வெட்டின ரெண்டு முகத்திலயும் மெழுகோ பழைய பெயின்றோ பூசினால் நுனி வெடிக்காது. வெட்டி முடிஞ்ச துண்டுகளுக்கு உளியால எண் போடுங்கோ, பென்சில் அழிஞ்சுபோம். நிலத்தில ஒவ்வொரு குறுக்குச் சட்டகத்தையும் படுக்கப் பூட்டிப் பார்த்து, மூலைக்கு மூலை அளந்து, ரெண்டு அளவும் ஒண்டா வந்தால்தான் கழட்டுங்கோ.

தை கடைசியில நிமிர்த்துங்கோ. மூண்டு சட்டகமும் தற்காலிகச் சாய்வுப் பலகையில நிண்டு, தூக்குநூல் பார்த்து, தாங்கி எல்லாம் உள்ள போன பிறகுதான் மர ஆணி. முதலே அடிச்சால் பிறகு நேராக்கேலாது. பங்குனி முடியமுதல் ஓடு ஏறியிருக்கோணும். சித்திரையில பின்னேர இடிமழை தொடங்கினால், கூரையில்லாத தேக்கு ஒரு பக்கம் நனைஞ்சு ஒரு பக்கம் காய்ஞ்சு முறுகும். பீலியை ஓட்டோட சேர்த்து அதே கிழமை போட்டுவிடுங்கோ.